எம்ஆர்என்ஏ அப்படியே இருக்கு, புரோட்டீன் மட்டும் குறையுது: மைக்ரோஆர்என்ஏ வேலையா, என் க்யூபிசிஆர் கோளாறா?

பெஞ்ச்_தேய்க்கிறவன்:

வணக்கம் மக்களே. எம்எஸ்சி பயோடெக் கடைசி செமஸ்டர், ப்ராஜெக்ட் ஓடிட்டு இருக்கு, மண்டை காயுது, அதான் இங்க வந்தேன்.

விஷயம் இதான். ஹீலா செல்லுல (லேப்ல வளர்க்கிற மனுஷ செல்) ஒரு மைக்ரோஆர்என்ஏவோட (புரோட்டீன் உற்பத்தியைக் குறைக்கிற குட்டி ஆர்என்ஏ) மிமிக்கை, அதாவது செயற்கையா செஞ்ச நகலை, டிரான்ஸ்ஃபெக்ட் பண்ணி உள்ள அனுப்பி, அதோட டார்கெட்னு சாஃப்ட்வேர் சொல்ற ஒரு புரோட்டீன் குறையுதான்னு பாக்கணும். புரோட்டீனை அளக்க வெஸ்டர்ன் ப்ளாட் போட்டா பேண்ட் நல்லா மங்கிருக்கு, கண்ட்ரோலோட வச்சுப் பாத்தா பாதிக்குப் பக்கத்துல வருது, ஒப்பீட்டுக்கு வச்ச ஆக்டின் புரோட்டீன் எல்லா லேன்லயும் ஒரே மாதிரி இருக்கு, அதனால லோடிங் பிரச்சனை கிடையாது. சரி வேலை முடிஞ்சதுன்னு அதே செல்லுல இருந்து ஆர்என்ஏ எடுத்து, அளவு பாக்க க்யூபிசிஆர் போட்டா, அந்தப் புரோட்டீனைச் செய்யச் சொல்ற எம்ஆர்என்ஏ அசையவே மாட்டேங்குது. லேசா குறைஞ்ச மாதிரி ஒரு தோற்றம், ஆனா அது எரர் பாருக்குள்ளயே அடங்கிடுது. எல்லாமே 24 மணி நேரத்துல எடுத்த சாம்பிள்.

கைடு "ரெண்டுல ஒண்ணு தப்பு, திரும்பப் போடு"ன்னு ஒரே வரியில முடிச்சிட்டார். லேப்ல சீனியர் அக்கா என்ன சொல்றாங்கன்னா, மைக்ரோஆர்என்ஏ எம்ஆர்என்ஏவை வெட்டிப் போட்டுடும், எம்ஆர்என்ஏ குறையலன்னா உன் மிமிக் வேலையே செய்யல, வெஸ்டர்ன்ல நீ பாத்தது ஆன்டிபாடி சேட்டைன்னு. புக்கை எடுத்தா அதுல ஒரே படத்துல ஒரு பக்கம் கத்தரிக்கோல், இன்னொரு பக்கம் புரோட்டீன் செய்யுற ரைபோசோமுக்கு மேல பெருக்கல் குறி, கீழ "வெட்டும் அல்லது தடுக்கும்"னு போட்டு அடுத்த பாடத்துக்குப் போயிட்டாங்க. எப்போ வெட்டும், எப்போ தடுக்கும், யாரு முடிவு பண்றாங்கன்னு ஒரு வார்த்தை இல்ல.

எம்ஆர்என்ஏ குறையாம புரோட்டீன் மட்டும் குறைய வாய்ப்பு இருக்கா? தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்குங்க. சமையல் குறிப்பு, ஜெராக்ஸ் காப்பி உதாரணம் மட்டும் வேண்டாம், ப்ளஸ் டூவுலயே கேட்டுக் கேட்டு சலிச்சுப் போச்சு.


அகார்_தட்டு:

தம்பி, தத்துவத்துக்குப் போறதுக்கு முன்னாடி, டிஎன்ஏவைச் சிதைக்கிற டிஎன்ஏஸ் போட்டியா? ஆர்என்ஏவுல ஜினோமிக் டிஎன்ஏ கலந்திருந்தா ப்ரைமர் அதையும் பெருக்கிக் காட்டும், மிமிக் போட்டாலும் போடலைன்னாலும் அந்த டிஎன்ஏ மாறப்போறதில்ல, அதனால எம்ஆர்என்ஏ நிஜமா குறைஞ்சிருந்தாக்கூட குறையாத மாதிரிதான் தெரியும். ஆர்என்ஏவை டிஎன்ஏவா மாத்துற ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் (ஆர்டி) போடாம ஒரு கண்ட்ரோல் ட்யூப் ஓட்டிப் பாரு, அதுல சிக்னல் வந்தா கதை அங்கயே முடிஞ்சுது. ப்ரைமர் ரெண்டும் ஒரே எக்ஸான்ல (ஜீன்ல இருந்து எம்ஆர்என்ஏவுல தங்குற துண்டு) உக்காந்திருந்தா மாத்திடு. அப்புறம் சிடிஎன்ஏ (ஆர்என்ஏவுல இருந்து எடுத்த டிஎன்ஏ நகல்) எதை வச்சுப் பண்ணின, எம்ஆர்என்ஏவோட பாலி-ஏ வாலுல ஒட்டுற ஒலிகோ டிடியா, எங்க வேணாலும் ஒட்டுற ரேண்டம் ஹெக்ஸாமரா? இதைச் சொல்லாம யாரும் உருப்படியா பதில் சொல்ல முடியாது.


பெஞ்ச்_தேய்க்கிறவன்:

அண்ணா, டிஎன்ஏஸ் போட்டாச்சு, ஆர்டி இல்லாத ட்யூப்ல ஒண்ணும் வரல. ப்ரைமர் எக்ஸான் தாண்டித்தான் இருக்கு. சிடிஎன்ஏ ரேண்டம் ஹெக்ஸாமர் வச்சுத்தான் பண்ணேன், கிட்ல அதான் இருந்துச்சு.


புழு_பித்தன்:

அப்போ உன் ரெண்டு ரிசல்ட்டும் சரியா இருக்க நல்லாவே வாய்ப்பு இருக்கு தம்பி. இந்தத் துறையே நீ பாத்த இதே முரண்பாட்டுல இருந்துதான் பொறந்துச்சு, அதைச் சொன்னாத்தான் உன் கேள்வி பிடிபடும், நீளமா இருக்கும், பொறுமையா படி.

சி. எலிகன்ஸ்னு ஒரு புழு, 1 மில்லிமீட்டர் நீளம், வளர்ந்த புழுவுல உடம்பு செல் மொத்தம் 959, எந்த செல் எதுல இருந்து வந்துச்சுன்னு ஒண்ணு விடாம வரைபடம் போட்டு வச்சிருக்காங்க. அதுல லின்-4னு ஒரு மியூட்டன்ட். அந்தப் புழு முதல் லார்வா பருவத்துல பண்ண வேண்டிய செல் பிரிவையே திரும்பத் திரும்பப் பண்ணிட்டு இருக்கும், அடுத்த கட்டத்துக்குப் போகாது, முட்டையை வெளிய விடுற துவாரமே உருவாகாது, அதனால முட்டையெல்லாம் வயித்துக்குள்ளயே தங்கிடும். லின்-14னு இன்னொரு ஜீன், அது கெட்டுப்போனா நேர் எதிர், முதல் பருவத்தையே தாண்டிக் குதிச்சுடும். ஹார்விட்ஸ் லேப்ல போஸ்ட்டாக்கா இருந்த விக்டர் ஆம்ப்ரோஸும் கேரி ரவ்கனும் இந்த ரெண்டையும் பிடிச்சுக்கிட்டாங்க, தனித்தனியா லேப் வச்சதும் ஆம்ப்ரோஸ் லின்-4ஐ எடுத்துக்கிட்டார், ரவ்கன் லின்-14ஐ.

ஆம்ப்ரோஸ் லேப்ல ரோசலிண்ட் லீயும் ரோண்டா ஃபைன்பாமும் லின்-4 ஜீனைக் குறுக்கிக்கிட்டே போறாங்க, போகப் போக சுமார் 700 எழுத்து டிஎன்ஏ துண்டுக்கு வந்து நிக்குது, அதுல புரோட்டீன் எழுதுற அளவுக்கு ஒண்ணுமே இல்ல. கடைசியில கிடைச்சது ரெண்டு குட்டி ஆர்என்ஏ, ஒண்ணு 61 நியூக்ளியோடைடு, இன்னொண்ணு 22. அந்தப் பக்கம் ரவ்கன் லேப்ல என்ன தெரிஞ்சுதுன்னா, புழு வளர வளர லின்-14 புரோட்டீன் சரிஞ்சுடுது, ஆனா எம்ஆர்என்ஏ கிட்டத்தட்ட அதே அளவுலதான் இருக்கு. இப்போ உன் வெஸ்டர்னையும் க்யூபிசிஆரையும் நினைச்சுக்க. அதோட, எம்ஆர்என்ஏவுல புரோட்டீனுக்கான எழுத்து முடிஞ்சப்புறம் வர்ற பகுதி, அதாவது 3 ப்ரைம் யுடிஆர், வெட்டுப்பட்ட மியூட்டன்ட்ல புரோட்டீன் குறையவே மாட்டேங்குது. ஆக கட்டுப்பாடு அந்த யுடிஆர்ல இருக்குன்னு ஆயிடுச்சு. 1992ல ரெண்டு பேரும் சீக்வன்ஸைப் பரிமாறிக்கிட்டுப் பாத்தா லின்-4ஓட 22 எழுத்துக்கும் லின்-14 யுடிஆருக்கும் பொருத்தம், ஒரு எடத்துல இல்ல 7 எடத்துல, அதுவும் முழுப் பொருத்தம் கிடையாது, நடுவுல பிதுங்கிக்கிட்டு ஓட்டை ஓட்டையா பொருந்துது. 1993 டிசம்பர்ல ரெண்டு பேப்பரும் செல் பத்திரிகையில ஒரே இதழ்ல வந்துச்சு.

வந்து என்ன, புழுவுக்கு மட்டும் இருக்கிற ஒரு வினோதம்னு விட்டுட்டாங்க. 2000ல ரவ்கன் லேப்ல லெட்-7 கண்டுபிடிச்சு, அதே எழுத்து ஈயிலயும் மீன்லயும் மனுஷன்லயும் இருக்குன்னு காட்டினதுக்கு அப்புறம்தான் எல்லாரும் ஓடி வந்தாங்க, 2001ல மூணு லேப் ஒரே நேரத்துல குட்டி ஆர்என்ஏவா அள்ளிக் கொட்டுச்சு, மைக்ரோஆர்என்ஏன்னு பேரு வந்ததும் அப்பத்தான். நோபல் 2024ல, 31 வருஷம் கழிச்சு.

சரி, யாரு முடிவு பண்றாங்கன்னு கேட்டியே. செல்லுக்குள்ள வழி இது: நியூக்ளியஸ்ல மைக்ரோஆர்என்ஏ ஜீன்ல இருந்து நீளமா ஒரு ஆர்என்ஏ வருது, அது தன்மேல தானே மடிஞ்சு கொண்டை ஊசி மாதிரி நிக்குது, ட்ரோஷான்னு ஒரு என்சைம் அந்த மடிப்பை மட்டும் சுமார் 70 எழுத்து நீளத்துக்கு நறுக்கி எடுக்குது, எக்ஸ்போர்ட்டின்-5 அதை வெளிய கொண்டு வருது, வெளிய டைசர் தலையை வெட்டி 22 எழுத்து இரட்டை இழையா ஆக்குது, அதுல ஒரு இழை ஆர்கோனாட் புரோட்டீனுக்குள்ள ஏறிக்குது, இன்னொண்ணு பெரும்பாலும் குப்பைக்கு. அதுக்கப்புறம் வேலை எல்லாம் ஆர்கோனாட்டோடது, குட்டி ஆர்என்ஏ அதுக்கு எங்க போய் உக்காரணும்னு வழி மட்டும்தான் காட்டுது. அதுலயும் 2ல இருந்து 8 வரைக்கும் உள்ள எழுத்து, சீட்னு சொல்றோமே, அதுதான் முக்கியமா பொருந்தணும், மத்ததெல்லாம் ஏனோதானோன்னு இருந்தாலும் பரவாயில்ல.

முழு நீளத்துக்கும், குறிப்பா நடுப்பகுதி பிசிறில்லாம பொருந்திச்சுன்னா ஆர்கோனாட்-2 நேரா எம்ஆர்என்ஏவை ரெண்டா நறுக்கிடும், மனுஷன்ல இருக்கிற 4 ஆர்கோனாட்ல இந்த வெட்டுற வேலைக்குப் பேர்போனது அந்த ஒண்ணுதான். சீட் மட்டும் பொருந்தி நடுவுல பிதுங்கினா வெட்ட முடியாது. அப்போ அது டிஎன்ஆர்சி6னு ஒரு புரோட்டீனைக் கூப்பிடும், அது சிசிஆர்4-நாட்னு ஒரு பெரிய கூட்டத்தையே கூட்டிட்டு வரும், அந்தக் கூட்டம் ரெண்டு வேலை பண்ணும்: ரைபோசோம் வேலையைத் தொடங்க விடாம மட்டுப்படுத்தும், அதோட எம்ஆர்என்ஏவோட பாலி-ஏ வாலைக் கொறிச்சுக்கிட்டே வரும். வால் போனா தலையில இருக்கிற தொப்பியும் கழலும், தொப்பி கழண்டா எக்ஸ்ஆர்என்1 வந்து முன்னாடி இருந்து தின்னுட்டுப் போயிடும். ஆக தடுக்கிறதும் அழிக்கிறதும் உன் புக் சொல்ற மாதிரி ரெண்டு தனித் தனி வழி இல்ல, பெரும்பாலும் ஒரே வழியில முன்னாடி பின்னாடி வர்ற ரெண்டு கட்டம். நீ 24 மணி நேரத்துல எட்டிப் பாத்திருக்க, முதல் கட்டத்துல பிடிச்சிருப்பன்னு நினைக்கிறேன்.


செடி_கிறுக்கு:

புழு அண்ணன் புழுவுலயே நின்னுட்டாருங்க, செடிக்காரங்களையும் கொஞ்சம் கண்டுக்கோங்க. சீனியர் அக்கா சொல்றது ஒண்ணும் கப்சா இல்லைங்க, அவங்க செடி பேப்பர் படிச்சு வந்தவங்களா இருந்தா அப்படித்தான் சொல்லுவாங்க. செடியில மைக்ரோஆர்என்ஏ பெரும்பாலும் கிட்டத்தட்ட முழுசா பொருந்தும், பொருந்தினா நடுவுல வெட்டுதான். அதுலயும் விதிவிலக்கு இருக்குங்க, பூ உருவாகுறப்போ மிர்-172னு ஒண்ணு அப்பெட்டலா-2 ஜீனோட எம்ஆர்என்ஏவை விட்டுட்டுப் புரோட்டீனைத்தான் அதிகமா குறைக்கும், 2003, 2004லயே அது தெரிஞ்சுபோச்சு.

இன்னொண்ணு, குட்டி ஆர்என்ஏ கதையை 1993ல ஆரம்பிக்கிறாங்க, ஆனா கண் முன்னாடி அது தெரிஞ்சது 1990லயேங்க. அமெரிக்காவுல நபோலியும் ஜோர்கன்சனும் பெட்டூனியா பூவோட ஊதா நிறத்தை இன்னும் அழுத்தமாக்கலாம்னு நிறமி செய்யுற சால்கோன் சின்தேஸ் ஜீனைக் கூடுதலா ஒரு காப்பி சேத்து விட்டாங்க. பூத்துச்சு பாருங்க, பல செடியில வெள்ளைவெளேர்னு, சிலதுல வெள்ளையும் ஊதாவுமா திட்டுத் திட்டா. சேத்த ஜீனும் அடங்கிடுச்சு, செடியோட சொந்த ஜீனும் அடங்கிடுச்சு. ஏன்னு அப்போ யாருக்கும் விளங்கல. 1999ல ஹாமில்டனும் பால்கோம்பும் அடங்கிப்போன செடியில எல்லாம் சுமார் 25 எழுத்து நீளத்துல குட்டி ஆர்என்ஏ இருக்குன்னு காட்டினப்புறம்தான் முடிச்சு அவிழ்ந்துச்சு. ஹவாய் தீவுல ரிங்ஸ்பாட் வைரஸ் பப்பாளித் தோட்டத்தையே காலி பண்ணிட்டு இருந்தப்போ, வைரஸோட கோட் புரோட்டீன் ஜீனையே பப்பாளிக்குள்ள வச்சு 1998ல விவசாயிகளுக்குக் கொடுத்தாங்களே, அந்தச் செடி வைரஸைத் தாங்குறதும் இதே குட்டி ஆர்என்ஏ வழியிலதாங்க. புழு ஆராய்ச்சிக்குத்தான் நோபலு, எங்க பூவுக்குக் கிடைக்கலைங்க.


நெய்தல்_கரை:

அண்ணாச்சி, அக்காமாரே, குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும், நான் சயின்ஸ் ஆளு இல்ல, பேங்க்ல வேலை. எங்க அப்பாவுக்கு 5 வருஷம் முன்னாடி ஹார்ட்ல ஸ்டென்ட் வச்சது, கொலஸ்ட்ரால் மாத்திரை ஃபுல் டோஸ்ல போட்டும் எல்டிஎல் இறங்க மாட்டேங்குது, டாக்டர் இப்போ ஒரு ஊசி சொல்றாரு, இன்க்ளிசிரான்னு பேரு, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை போட்டா போதுமாம், அது ஆர்என்ஏ மருந்துன்னும் சொன்னாரு. கூகுள் பண்ணித்தான் இங்க வந்து சேந்தேன். வீட்ல எல்லாரும் பயப்படுறாங்க, ஆர்என்ஏன்னா ஜீனையே மாத்திடுமோன்னு. அதுவும் ஆறு மாசம் உடம்புல ஒரு மருந்து நிக்குதுன்னா உள்ள போய் ஏதோ நிரந்தரமா பண்ணுதுன்னுதான அர்த்தம்? நீங்க பேசுறதுதான் அதுவா இல்ல வேறயா?


ஃபார்மா_அக்கா:

தம்பி, ஊசியைப் போடலாமா வேண்டாமாங்கிறது அப்பாவோட டாக்டர் சொல்ல வேண்டியது, அதுக்குள்ள நான் போகல. மருந்து எப்படி வேலை செய்யுதுன்னு மட்டும் சொல்றேன்.

இவங்க பேசுறதுக்கு நெருங்கிய சொந்தம்தான். இது எஸ்ஐஆர்என்ஏ, வெளியில செஞ்சு உள்ள அனுப்புற குட்டி ஆர்என்ஏ, ஒரே ஒரு எம்ஆர்என்ஏவோட முழுசா பொருந்துற மாதிரி எழுத்தைத் தேர்ந்தெடுத்துச் செஞ்சது. முழுசா பொருந்தினா வெட்டும்னு மேல சொன்னாரு இல்ல, அதேதான். ஃபயரும் மெல்லோவும் 1998ல அதே புழுவுல இரட்டை இழை ஆர்என்ஏவை ஊசி போட்டு ஜீனை அடக்கிக் காட்டினாங்க, அதுக்கு 2006லயே நோபல் கொடுத்தாச்சு. மருந்தா முதல்ல வந்தது பட்டிசிரான், 2018ல அமெரிக்காவுல அனுமதி, அது பரம்பரையா வர்ற ஒரு நரம்பு நோய்க்கு. இன்க்ளிசிரான் 2020 கடைசியில ஐரோப்பாவுல, 2021 கடைசியில அமெரிக்காவுல.

அப்பா விஷயத்துக்கு வருவோம். ரத்தத்துல இருக்கிற எல்டிஎல்லை ஈரல் செல் தன்மேல இருக்கிற ரிசெப்டர் வச்சுப் பிடிச்சு உள்ள இழுக்கும், இழுத்து இறக்கிட்டு ரிசெப்டர் திரும்ப மேல வந்து இன்னொண்ணைப் பிடிக்கும். பிசிஎஸ்கே9னு ஒரு புரோட்டீன் வந்து ஒட்டினா அந்த ரிசெப்டர் திரும்ப வராது, உள்ளயே அழிஞ்சுடும். இந்த ஊசி பிசிஎஸ்கே9 புரோட்டீனுக்கான எம்ஆர்என்ஏவை வெட்டிடுது, புரோட்டீன் குறையுது, ரிசெப்டர் நிறைய மிஞ்சுது, எல்டிஎல் இறங்குது. மாத்திரையோட சேத்துப் போட்ட பெரிய ஆய்வுகள்ல எல்டிஎல் பாதி அளவுக்கு இறங்கிச்சு. முதல் ஊசி, மூணு மாசத்துல ரெண்டாவது, அப்புறம் ஆறு மாசத்துக்கு ஒண்ணுன்னு கணக்கு.

ஜீனை மாத்துமான்னா, டிஎன்ஏவைத் தொடுறதே இல்ல. அது வெட்டுறது நியூக்ளியஸுக்கு வெளிய இருக்கிற எம்ஆர்என்ஏவை, ஜீன் அது பாட்டுக்குப் புது எம்ஆர்என்ஏ போட்டுக்கிட்டேதான் இருக்கும், அதனாலதான் ஆறு மாசம் கழிச்சு திரும்பப் போட வேண்டியிருக்கு. நிரந்தரமா மாத்துற மருந்தா இருந்தா ஒரு ஊசியோட முடிஞ்சிருக்கணுமே.

ஏன் ஆறு மாசம் நிக்குதுன்னா அதுக்கு மூணு காரணம் சேந்து வருது. சாதாரண ஆர்என்ஏவை ரத்தத்துல விட்டா நிமிஷக் கணக்குல சிதைஞ்சுடும், இதோட கிட்டத்தட்ட ஒவ்வொரு எழுத்துலயும் சர்க்கரைப் பகுதியில ஃப்ளூரின், மெத்தில் எல்லாம் வச்சு என்சைமுக்கு வாயில படாத மாதிரி பண்ணிருக்காங்க. ரெண்டாவது, மருந்தோட ஒரு முனையில கால்நாக்னு ஒரு சர்க்கரைக் கொத்து ஒட்டிருக்கு, அதைப் பிடிக்கிற ரிசெப்டர் ஈரல் செல்லுல கொட்டிக் கிடக்கு, அதனால போட்டது பெரும்பாலும் ஈரலுக்கே போய்ச் சேருது. மூணாவது, செல்லுக்குள்ள போனது எண்டோசோம் பைக்குள்ள மாட்டிக்கிட்டு கொஞ்சம் கொஞ்சமா கசியுது, கசிஞ்சு ஆர்கோனாட்ல ஏறின ஒவ்வொண்ணும் ஒரு எம்ஆர்என்ஏவை வெட்டிட்டு அதோட நிக்காது, அடுத்ததைப் பிடிக்கும். ரத்தத்துல மருந்து ஒண்ணு ரெண்டு நாள்ல காணாமப் போயிடும், ஈரலுக்குள்ள வேலை மட்டும் ஓடிட்டு இருக்கும்.


நெய்தல்_கரை:

ரொம்ப நன்றி அக்கா, டிஎன்ஏவைத் தொடாதுங்கிற ஒரு வரியை அம்மாவுக்குப் படிச்சுக் காட்டிட்டேன். விலைதான் தலை சுத்துது, அதை டாக்டர்கிட்டயே கேட்டுக்கிறேன்.


அகார்_தட்டு:

புழு அண்ணா, உங்க மேல மரியாதை இருக்கு, ஆனா "முதல்ல தடுக்கும், அப்புறம் அழிக்கும்"னு தம்பிகிட்ட சொல்லிட்டு விட்டுட்டா அவன் எம்ஆர்என்ஏ பக்கமே திரும்ப மாட்டான். 2010ல பார்டெல் லேப் பேப்பர் இருக்கே, ரைபோசோம் எங்கெங்க உக்காந்திருக்குன்னு எண்ணிப் பாத்து, மைக்ரோஆர்என்ஏவால குறையுற புரோட்டீன்ல 84 சதவீதத்துக்கு மேல எம்ஆர்என்ஏ அழியுறதாலயேன்னு சொன்னாங்க. அப்படின்னா தம்பியோட க்யூபிசிஆர்ல குறைவு தெரிஞ்சே ஆகணும்.


புழு_பித்தன்:

தெரியணும்தான், ஆனா எப்போ? ஆரம்பத்துல பாத்தா படம் வேற. 2012ல ஜீப்ரா மீன் முட்டையில மிர்-430ஐ வச்சுப் பாத்தாங்க, கருவுற்று 4 மணி நேரத்துல ரைபோசோம் வேலை மந்தமாயிடுச்சு ஆனா எம்ஆர்என்ஏ அப்படியே, 6 மணி நேரத்துல எம்ஆர்என்ஏவும் சரிய ஆரம்பிச்சாச்சு. அதே வருஷம் ஈ செல்லுலயும் இதே வரிசைதான்னு வந்துச்சு. இதுல வேடிக்கை என்னன்னா, எம்ஆர்என்ஏ குறையவே இல்லைன்னு இந்தத் துறையைத் தொடங்கி வச்ச அந்த லின்-14க்கே, 2005ல பாஸ்குனெல்லி லேப்ல திரும்ப அளந்து பாத்துட்டு இல்லப்பா எம்ஆர்என்ஏவும் குறையுதுன்னாங்க. அதுக்கு முன்னாடி 1999ல ஆம்ப்ரோஸ் லேப்லயே லின்-14 எம்ஆர்என்ஏ ரைபோசோமோட ஒட்டிக்கிட்டு இருந்தும் புரோட்டீன் சேரலைன்னு காட்டிருக்காங்க. ஆக செல் வகை, பருவம், அளக்குற நேரம் மாறினா பங்கும் மாறும், 84ஐ எடுத்துட்டு வந்து 24 மணி நேர சாம்பிள் மேல அப்படியே வைக்க முடியாது.

தம்பி ரேண்டம் ஹெக்ஸாமர் வச்சான்னு சொன்னானே, அதுவும் கணக்குல வரணும். வால் கொறிக்கப்பட்ட எம்ஆர்என்ஏ இன்னும் உடம்போட இருந்தா ஹெக்ஸாமர் அதையும் எண்ணிடும். ஒலிகோ டிடி வச்சா வாலில்லாததுல நிறைய விட்டுப்போகும். அதே ஆர்என்ஏவுல ரெண்டு விதமாவும் சிடிஎன்ஏ பண்ணி பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருப்பா, ஒலிகோ டிடியில குறைஞ்சு ஹெக்ஸாமர்ல குறையலன்னா வால் கழிஞ்சிட்டு இருக்குன்னு ஒரு துப்பு கிடைக்கும். துப்புதான், சாட்சி இல்ல.

யாரும் கேக்காத ஒரு விஷயம், எனக்கு இதான் உறுத்துது. மைக்ரோஆர்என்ஏ புதுப் புரோட்டீன் செய்யுறதைத்தான் குறைக்கும், ஏற்கனவே செஞ்சு வச்சதை ஒண்ணும் பண்ணாது, அது தானா சிதையணும். உன் புரோட்டீனோட அரை ஆயுள் 24 மணி நேரம்னு வை, உற்பத்தி பாதியாயிடுச்சுன்னு வை, அப்பவும் 24 மணி நேரத்துல மொத்த அளவு 75 சதவீதத்துக்குத்தான் இறங்கும். மிமிக் உள்ள போய் ஆர்கோனாட்ல ஏறவே சில மணி நேரம் ஆகும், அதையும் கழி. உனக்கு பாதியா இறங்கியிருக்குன்னா ஒண்ணு புரோட்டீன் சீக்கிரம் சிதையுற வகையா இருக்கணும், இல்லன்னா உற்பத்தி பாதிக்கும் ரொம்பக் கீழ போயிருக்கணும். ரெண்டாவதுன்னா எனக்கு சந்தேகம் வரும். ஏன்னா 2008ல ரெண்டு லேப் ஆயிரக்கணக்கான புரோட்டீனை அளந்து பாத்தப்போ, ஒரு மைக்ரோஆர்என்ஏவால வர்ற குறைவு பெரும்பாலான டார்கெட்ல ரெண்டு மடங்கு கூட இல்ல, அதுக்கும் கம்மி. அது ஸ்விட்ச் இல்ல, ஃபேன் ரெகுலேட்டர், அஞ்சுல ஓடுறதை நாலுக்கு இறக்கும், அவ்வளவுதான். லின்-14 மாதிரி 7 எடத்துல உக்காந்து ஒரேயடியா அமுக்குறது அபூர்வம்.


பெஞ்ச்_தேய்க்கிறவன்:

அண்ணா அந்த அரை ஆயுள் கணக்கு என் மண்டையிலயே இல்ல, கைடுகிட்ட இதைத்தான் முதல்ல சொல்லப் போறேன். ஆனா ஒரு சந்தேகம், இவ்வளவு லேசா குறைக்கிறதுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய ஏற்பாடு, ட்ரோஷா டைசர் ஆர்கோனாட்னு? அஞ்சுல இருந்து நாலுக்கு இறங்கினா செல்லுக்கு என்ன ஆகிடப் போகுது?


புழு_பித்தன்:

ஒண்ணே ஒண்ணுன்னா பெருசா ஆகாது, புழுவுல மைக்ரோஆர்என்ஏ ஜீனை ஒவ்வொண்ணா தூக்கிப் பாத்தப்போ பெரும்பாலானதுல பளிச்சுனு ஒரு மாற்றமும் தெரியல. ஆனா ஒரே மைக்ரோஆர்என்ஏ நூத்துக்கணக்கான எம்ஆர்என்ஏவைத் தொடும், மனுஷனோட புரோட்டீன் ஜீன்ல பாதிக்கு மேல இதோட பிடிக்குள்ள இருக்குன்னு கணக்கு. மொத்தமா டைசரையே தூக்கிட்டா எலிக்கரு ஒரு வாரத்தைத் தாண்டுறதே கஷ்டம். மனுஷன்லயே உதாரணம் வேணும்னா மிர்-96. 2009ல ஸ்பெயின்ல சில குடும்பங்கள்ல தலைமுறை தலைமுறையா காது மெல்ல மெல்ல கேக்காமப் போறதுக்குக் காரணம் தேடினாங்க, சீட் பகுதியில ஒரே ஒரு எழுத்து மாறியிருந்துச்சு. புரோட்டீன் ஜீன் ஒண்ணும் கெடல, காதுக்குள்ள மயிர் செல்லுல பல புரோட்டீனோட அளவு ஆளுக்குக் கொஞ்சம் தப்பிப் போச்சு, அதுக்கே காது போச்சு.

இதையே தலைகீழா பயன்படுத்துறதும் இருக்கு, ஃபார்மா அக்காவோட ஈரலுக்கே போனா அங்க மிர்-122 மலையா குவிஞ்சு கிடக்கும், ஹெபடைடிஸ் சி வைரஸ் தன்னோட ஆர்என்ஏ முனையில அதை ஒட்ட வச்சுக்கிட்டு பாதுகாப்பாப் பெருகும், குறையுறதுக்குப் பதிலா கூடும். 2005ல இது வந்தப்போ எங்க லேப்ல ஒரு வாரம் இதே பேச்சுதான்.


அகார்_தட்டு:

சரி அண்ணா, நேரம் விஷயத்துல நான் ஒத்துக்கிறேன், 84ல ஒத்துக்க மாட்டேன், அது தனியா பேசிக்கலாம். தம்பி, மிமிக் எவ்வளவு போட்ட?


பெஞ்ச்_தேய்க்கிறவன்:

100 நானோமோலார் அண்ணா. சீனியர் ப்ரோட்டோகால்ல அதான் இருந்துச்சு.


அகார்_தட்டு:

அடப்பாவி. செல்லுல ஆர்கோனாட் என்ன கொட்டியா கிடக்கு? அவ்வளவு மிமிக்கை உள்ள தள்ளினா செல்லோட சொந்த மைக்ரோஆர்என்ஏவெல்லாம் எடமில்லாம வெளிய நிக்கும், அதுங்க அடக்கி வச்சிருந்த புரோட்டீன் எல்லாம் ஏறும், அதனால இன்னும் எது எதோ மாறும், நீ பாக்குற குறைவு நேரடி வேலையா சுத்தி வளைச்சு வந்ததான்னே சொல்ல முடியாது. 5, 10, 20ன்னு இறக்கிப் பாரு, 10லயும் குறைவு நின்னா நம்பலாம். எழுத்து வரிசையைக் கலைச்சுச் செஞ்ச ஸ்க்ராம்பிள் கண்ட்ரோலும் அதே அளவு போடணும், வெறும் ரீஏஜென்ட் மட்டும் போட்ட செல்லை கண்ட்ரோல்னு சொல்லிக்கிட்டு வராத.


புழு_பித்தன்:

இதுல நான் அகார் கட்சி. டோஸை இறக்கிட்டு 12, 24, 48, 72 மணி நேரம்னு சாம்பிள் எடு, ஒவ்வொண்ணுலயும் புரோட்டீனும் எம்ஆர்என்ஏவும். 48ல எம்ஆர்என்ஏவும் இறங்கிடுச்சுன்னா உன் 24 மணி நேர ரிசல்ட் முதல் கட்டம்தான்னு சொல்லலாம், 72 வரைக்கும் அசையலன்னா வேற கதை, அப்போ திரும்ப வா. சைக்ளோஹெக்ஸிமைடு போட்டு புது உற்பத்தியை நிறுத்திட்டு புரோட்டீன் எவ்வளவு நேரத்துல பாதியாகுதுன்னு ஒரு வெஸ்டர்ன் ஓட்டிடு, அரை ஆயுள் தெரிஞ்சுடும், ஒரு நாள் வேலை.

எல்லாத்துக்கும் மேல லூசிஃபரேஸ், ஒளியை வச்சு எவ்வளவு உற்பத்தியாச்சுன்னு காட்டுற புரோட்டீன். டார்கெட்டோட 3 ப்ரைம் யுடிஆரை லூசிஃபரேஸ் பின்னாடி ஒட்டி ஒண்ணு, சீட் பொருந்துற எடத்துல ரெண்டு மூணு எழுத்தை மாத்தி இன்னொண்ணு. மாத்தினதுல குறைவு மறையணும். மறையலன்னா மத்த எல்லா டேட்டாவும் இருந்தும் நேரடி டார்கெட்னு எழுத முடியாது, எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் அங்கதான் கை வைப்பார்.


பெஞ்ச்_தேய்க்கிறவன்:

யுடிஆர்ல சாஃப்ட்வேர் ரெண்டு சைட் காட்டுது அண்ணா, ரெண்டுக்கும் நடுவுல ஒரு 25 எழுத்துதான் இடைவெளி. ரெண்டையும் சேத்து மாத்தினா போதுமா?


புழு_பித்தன்:

இதை முதல் போஸ்ட்லயே சொல்லக் கூடாதாடா. 8ல இருந்து 40 எழுத்துக்குள்ள ரெண்டு சைட் இருந்தா ஒண்ணுக்கொண்ணு கைகொடுக்கும், தனித்தனியா குறைக்கிறதைப் பெருக்கினா வர்றதை விட சேந்து கூடுதலா குறைக்கும், உன் வெஸ்டர்ன் ஏன் அவ்வளவு மங்கிச்சுன்னு அதுவே பாதிக் காரணமா இருக்கலாம். முதல் சைட் மட்டும் மாத்தினது, ரெண்டாவது மட்டும் மாத்தினது, ரெண்டும் மாத்தினது, மாத்தாதது, நாலு கன்ஸ்ட்ரக்ட் பண்ணு. ப்ரைமர் ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி இங்க போடு, பாத்துச் சொல்றேன்.